பட்டியல் மாறியாச்சு, திரை மாறவில்லை: கம்போஸில் ஸ்டேட்டை எதில் வைப்பது?

கம்போஸில் (ஆண்ட்ராய்டு திரைகளைக் கோட்லினில் எழுதும் கருவி) எழுதும் நண்பர்களிடமிருந்து எனக்கு அடிக்கடி வரும் கேள்வி ஒன்றுதான், கேட்கும் விதம்தான் மாறுகிறது. "டேட்டா மாறுது, லாக்ல தெரியுது, ஸ்க்ரீன் மட்டும் அப்படியே நிக்குது. ஸ்டேட்ஃப்ளோவுக்கு மாறட்டுமா, ம்யூட்டபிள்ஸ்டேட்லிஸ்ட்ஆஃப் போடட்டுமா, இல்ல ஒரு ரெஃப்ரெஷ் கவுண்டர் வச்சு முடிச்சிடட்டுமா?"

பேச வசதியாக ஒரு மளிகைப் பட்டியல் செயலியை எடுத்துக்கொள்வோம். 40 பொருள், ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒரு டிக் பெட்டி, அடியில் "இன்னும் வாங்க வேண்டியவை: 12" என்று ஒரு வரி. துவரம்பருப்பைத் தட்டுகிறீர்கள், டிக் விழவில்லை. பட்டியலைக் கீழே தள்ளி, அரிசி, எண்ணெய் எல்லாம் தாண்டிப் போய்த் திரும்பி வந்தால் டிக் விழுந்திருக்கிறது. அடி வரியில் மட்டும் இன்னும் 12. பயனர் இதையெல்லாம் யோசிக்கமாட்டார், டிக் விழவில்லை என்று இன்னொரு தடவை தட்டுவார், உள்ளே டிக் எடுபட்டுவிடும், கடையில் பருப்பை விட்டுவிட்டு வருவார். இது அழகு சம்பந்தப்பட்ட கோளாறு என்று ஒதுக்க முடியாதது அதனால்தான்.

நான் சொல்லவருவது இதுதான். எந்த வழி திரையைப் புதுப்பிக்கும் என்று தேடாதீர்கள், சரியாக எழுதினால் எல்லாமே புதுப்பிக்கும். அவசரத்தில், இரவு 11 மணிக்கு, தப்பாக எழுதும்போது எந்த வழி உங்களைத் தடுத்து நிறுத்தும் என்று பாருங்கள்.

## முதலில், எங்கே அறுந்திருக்கிறது?

கம்போஸ் உங்கள் பொருட்களைக் கண்காணித்துக்கொண்டே இருப்பதில்லை. ஒரு கம்போஸபிள் (திரையின் ஒரு பகுதியைக் காட்டும் ஃபங்ஷன்) ஓடும்போது எந்தெந்த ஸ்டேட்டை (கம்போஸ் கவனிக்கும் மதிப்புப் பெட்டி) வாசித்தது என்று குறித்துக்கொள்ளும். அந்த ஸ்டேட்டில் யாராவது புது மதிப்பு எழுதினால் பழையதோடு ஒப்பிடும். வேறாக இருந்தால், வாசித்த இடத்தை மறுபடி ஓட்டும். அவ்வளவுதான் கதை. ஆகவே வாசித்தது பதிவாகாமல் போகலாம், எழுதியது அதன் காதுக்கே எட்டாமல் போகலாம், ஒப்பிட்டபோது "ரெண்டும் ஒண்ணுதானே" என்று விட்டுவிடலாம், அல்லது தாய் கம்போஸபிள் மறுபடி ஓடியும் அதன் பிள்ளை தாண்டப்பட்டிருக்கலாம்.

எது என்று கண்டுபிடிக்காமல் வழியை மாற்றினால் கோளாறும் கூடவே வரும். நான் செய்யும் சோதனைகள் எளிமையானவை. போனைப் பக்கவாட்டில் திருப்புவேன், அல்லது அந்த வரிசை மறையும்வரை ஸ்க்ரோல் செய்து திரும்புவேன். அப்போது சரியான மதிப்பு வந்தால் டேட்டா மாறியிருக்கிறது, சேதிதான் போய்ச் சேரவில்லை. அடுத்து ஆண்ட்ராய்டு ஸ்டூடியோவின் லேஅவுட் இன்ஸ்பெக்டரில் ரீகம்போசிஷன் (கம்போஸபிள் மறுபடி ஓடுவது) எண்ணிக்கையைத் திறந்துவைத்துத் தட்டிப் பார்ப்பேன். எந்த எண்ணும் நகரவில்லை என்றால் எழுதியது எட்டவில்லை, அல்லது சமம் என்று கழிக்கப்பட்டது. தாண்டிய எண்ணிக்கை ஏறினால் தாய் ஓடியிருக்கிறது, பிள்ளைக்கு அதே பொருள் வந்ததால் அது தாண்டப்பட்டிருக்கிறது. ரீகம்போஸ் ஆன எண்ணிக்கை ஏறியும் பழைய மதிப்பே தெரிந்தால், நடுவில் எங்கோ ஒரு ரிமெம்பர் (மதிப்பை நினைவில் வைத்து அடுத்த ஓட்டத்திலும் தருவது) பழையதைப் பிடித்துவைத்திருக்கிறது.

அப்புறம் இன்னொன்று. வியூமாடலின் (திரையின் டேட்டாவை வைத்திருக்கும் பொருள்) ஐடென்டிட்டி ஹாஷை, அதாவது அந்தப் பொருளை அடையாளம் காட்டும் எண்ணை, எழுதும் இடத்திலும் வாசிக்கும் இடத்திலும் லாக் செய்து பாருங்கள். இரண்டு எண்ணும் வேறாக இருந்தால் மேற்கொண்டு படிக்கவே வேண்டாம், நீங்கள் மாற்றியது வேறொரு வியூமாடலை. நேவிகேஷனில் ஒவ்வொரு திரைக்கும் தனித்தனி வியூமாடல் உருவாகிற அமைப்பில், "பொருள் சேர்" திரையில் சேர்த்தது பட்டியல் திரையில் வராமல் போவதற்கு இதுதான் பெரும்பாலும் காரணம்.

## எதை வைத்து எடைபோடுவது

எனக்கு முதல் அளவுகோல், தவறு வெளியே தெரியுமா என்பது. கம்பைலரே நிறுத்திவிட்டால் நல்லது, ஓட்டும்போது வெடித்தால் பரவாயில்லை, சத்தமில்லாமல் பழைய திரையையே காட்டிக்கொண்டிருந்தால் அதுதான் ஆபத்து.

அடுத்து, ஒரு டிக்குக்கு எவ்வளவு திரை மறுபடி ஓடுகிறது. பின்னணி த்ரெட்டிலிருந்து இரண்டு பேர் ஒரே நேரத்தில் எழுதினால் என்ன ஆகும். போன் திரும்பினாலும், நினைவகம் போதாமல் சிஸ்டம் செயலியைக் கொன்றுவிட்டாலும் என்ன மிஞ்சும். டெஸ்ட் எழுதுவது எவ்வளவு சுலபம். கடைசியாக, ஏற்கெனவே இருக்கும் கோடில் எத்தனை இடத்தைத் தொட வேண்டும். இந்தக் கடைசி விஷயத்தை மறந்துவிட்டு எடுக்கிற முடிவுகள்தான் பாதியில் நிற்கின்றன.

## வழி 1: ம்யூட்டபிள்ஸ்டேட்ஆஃப், உள்ளே மாறாத லிஸ்ட்

பட்டியல் முழுவதும் ஒரே ஸ்டேட்டில். எதையாவது மாற்ற வேண்டுமென்றால் புது லிஸ்ட் ஒன்று செய்து அந்த இடத்தில் வைக்கிறீர்கள்.

இங்கே எல்லோரும் விழும் முதல் குழி தெரிந்ததுதான். உள்ளே அரேலிஸ்ட் வைத்து அதில் ஆட் கூப்பிட்டால் ஸ்டேட்டுக்கு எதுவும் தெரியாது. அதே அரேலிஸ்ட்டைத் திரும்ப ஒப்படைத்தாலும் பயனில்லை, ஏனென்றால் இயல்பான ஒப்பீட்டு முறை உள்ளடக்கச் சமத்தைப் பார்ப்பது, ஒரு பொருள் தனக்குத்தானே சமம்தான்.

இரண்டாவது குழி ஆழமானது, அனுபவசாலிகளும் இதில் விழுகிறார்கள். "நான் லிஸ்ட்டைப் புதுசா காப்பி எடுத்துதானே வச்சேன், அப்பவும் மாறலையே?" என்று கேட்பார்கள். கோடைப் பார்த்தால், டேட்டா கிளாஸில் வாங்கியாச்சு என்ற புலம் 'வார்' (மாற்றக்கூடியது) என்று இருக்கும். முதலில் துவரம்பருப்பின் வாங்கியாச்சுவை அங்கேயே ட்ரூ ஆக்கியிருப்பார்கள், பிறகு டூலிஸ்ட் கூப்பிட்டுப் புது லிஸ்ட் செய்திருப்பார்கள். லிஸ்ட் புதிதுதான். ஆனால் பழைய லிஸ்ட்டில் இருப்பதும் அதே துவரம்பருப்புப் பொருள், அதுவும் இப்போது ட்ரூ. இரண்டு லிஸ்ட்டையும் ஒவ்வொரு பொருளாக ஒப்பிட்டால் எல்லாமே சமம். பழையது என்று ஒப்பிட எதுவுமே மிச்சமில்லை, நீங்களே அழித்துவிட்டீர்கள். பொருளையும் காப்பி செய்து மாற்ற வேண்டும், லிஸ்ட்டையும் புதிதாகச் செய்ய வேண்டும், இரண்டில் ஒன்று மட்டும் போதாது.

இதற்கு நல்ல மருந்து இருக்கிறது. டேட்டா கிளாஸில் எல்லாப் புலத்தையும் 'வால்' (மாற்ற முடியாதது) ஆக்கிவிடுங்கள், லிஸ்ட்டின் வகையை ம்யூட்டபிள்லிஸ்ட் என்று எங்கேயும் எழுதாதீர்கள். அப்புறம் தப்பாக எழுத நினைத்தாலும் கம்பைலர் விடாது. முதல் அளவுகோலில் இந்த வழிக்கு நான் அதிக மதிப்பெண் கொடுப்பது இதனால்தான்.

"ஒவ்வொரு டிக்குக்கும் முழு லிஸ்ட்டையும் காப்பி செய்வது வீண் செலவு இல்லையா?" என்று பயப்படுகிறார்கள். 500 பொருள் உள்ள லிஸ்ட்டைக் காப்பி செய்தால் நகலாவது 500 குறிப்புகள் மட்டுமே, பொருட்கள் அப்படியே பகிரப்படுகின்றன. விரல் தட்டும் வேகத்துக்கு இது ஒரு பொருட்டே கிடையாது. நொடிக்குப் பல தடவை ஆயிரக்கணக்கான வரிகள் மாறுகிற திரை என்றால் அது வேறு, அங்கே கோட்லினின் மாறாத தொகுப்பு நூலகத்தில் உள்ள பெர்சிஸ்டன்ட்லிஸ்ட்டைப் பாருங்கள், அது மாறாத பகுதியைப் பகிர்ந்துகொண்டு மாறிய பகுதியை மட்டும் புதிதாகச் செய்யும்.

மறைமுகச் செலவு எங்கே என்றால், பின்னணி த்ரெட்டில். பழையதை வாசித்து, மாற்றி, எழுதுவது மூன்று படி. இரண்டு கொரூட்டீன் (பின்னணியில் ஓடக்கூடிய வேலை) ஒரே சமயத்தில் செய்தால் ஒருவர் எழுதியதை மற்றவர் மிதித்துவிடுவார். எழுதுவது எல்லாம் மெயின் த்ரெட்டில் என்று ஒழுங்கு வைத்துக்கொண்டால் பிரச்சினை இல்லை.

படிவங்கள், தேடல் பெட்டி, ஒரு திரைக்குள்ளேயே பிறந்து முடிகிற பட்டியல் இவற்றுக்கு இதுவே போதும். முக்கியமாக டெக்ஸ்ட்ஃபீல்டுக்கு. தட்டச்சு செய்யும் எழுத்தை ஃப்ளோ (மதிப்புகள் ஒவ்வொன்றாக வரும் ஓடை) வழியாகச் சுற்றவிட்டு நடுவில் தாமதம் வந்தால் கர்சர் குதிக்கும், எழுத்து தொலையும். வியூமாடலிலேயே வைத்தாலும் அந்த ஒரு புலத்தை ம்யூட்டபிள்ஸ்டேட்ஆஃபில் வையுங்கள்.

## வழி 2: ம்யூட்டபிள்ஸ்டேட்லிஸ்ட்ஆஃப்

பழைய ஜாவா பழக்கத்தில் வந்தவர்களுக்கு இது சொந்த ஊர் மாதிரி. ஆட், ரிமூவ் என்று இருந்த இடத்திலேயே மாற்றலாம், லிஸ்ட்டே கம்போஸிடம் சேதி சொல்லிவிடும்.

ஆனால் அது சொல்வது லிஸ்ட்டைப் பற்றி மட்டும். எது சேர்ந்தது, எது போனது, எந்த இடத்தில் எது மாற்றி வைக்கப்பட்டது என்பது அதற்குத் தெரியும். உள்ளே இருக்கும் துவரம்பருப்பின் புலம் மாறியது அதற்குத் தெரியாது. மளிகைச் செயலியில் புதுப் பொருள் சேர்த்தால் உடனே வருகிறது, டிக் மட்டும் விழவில்லை என்றால் இந்த வழியில் இதுதான் நடந்திருக்கிறது. பாதி வேலை செய்வதால் சந்தேகமே வராது, டிக் பெட்டியைத்தான் குடைந்துகொண்டிருப்பார்கள். அந்த இடத்தில் காப்பி செய்த புதுப் பொருளை வைத்தால் சரியாகிவிடும்.

இன்னொரு தீர்வு, பொருளின் வாங்கியாச்சு புலத்தையே ம்யூட்டபிள்ஸ்டேட்ஆஃப் ஆக்குவது. அப்போது அந்த ஒரு வரிசை மட்டும் மறுபடி ஓடும், வேகத்துக்கு இதைவிடச் சிக்கனமான வழி இல்லை. விலை என்ன என்றால், அந்தப் பொருள் இனி வெறும் டேட்டா இல்லை. தரவுத்தளத்துக்கு, நெட்வொர்க்குக்கு, பண்டிலுக்கு அனுப்ப இன்னொரு சாதாரண கிளாஸ் எழுதி இரண்டுக்கும் நடுவே மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். ஓவியம் வரையும் திரை, இழுத்து அடுக்கும் பலகை மாதிரி இடங்களில் இந்த விலை நியாயம். மளிகைப் பட்டியலுக்கு அதிகம்.

லிஸ்ட்டின் எந்த மூலையை வாசித்தாலும் முழு லிஸ்ட்டையும் வாசித்ததாகத்தான் பதிவாகும் என்பதையும் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். அளவை மட்டும் கேட்ட அடி வரி கூட ஏழாவது பொருள் மாறும்போது மறுபடி ஓடும்.

சர்வரிலிருந்து முழுப் பட்டியலும் புதிதாக வரும்போது பெரும்பாலானோர் க்ளியர், பிறகு ஆட்ஆல் என்று எழுதுவார்கள். மெயின் த்ரெட்டில் அடுத்தடுத்துச் செய்தால் பரவாயில்லை. பின்னணி த்ரெட்டிலிருந்து செய்தால் இரண்டுக்கும் நடுவில் ஒரு ஃப்ரேம் புகுந்து காலிப் பட்டியலைக் காட்டிவிட்டுப் போகலாம், கண் சிமிட்டுவது மாதிரித் தெரியும். இரண்டையும் ஸ்னாப்ஷாட்டின் வித்ம்யூட்டபிள்ஸ்னாப்ஷாட்டுக்குள் போட்டால் ஒரே மாற்றமாகப் போகும்.

டெஸ்ட் எழுதுவதிலும் ஒரு சின்ன உறுத்தல். ஸ்னாப்ஷாட்ஃப்ளோ (ஸ்டேட் மாற்றங்களை ஃப்ளோவாகத் தருவது) வழியாக இந்த லிஸ்ட்டைக் கவனிக்கும் கோடை யூனிட் டெஸ்டில் ஓட்டினால், மாற்றச் சேதியை நீங்களே கையால் அனுப்ப வேண்டும், இல்லையென்றால் டெஸ்ட் காத்துக்கொண்டே இருக்கும்.

## வழி 3: வியூமாடலில் ஸ்டேட்ஃப்ளோ

திரையின் முழு நிலையும் ஒரே டேட்டா கிளாஸ். பட்டியல், ஏற்றுகிறதா, பிழைச் சேதி எல்லாம் அதற்குள். வியூமாடல் ஸ்டேட்ஃப்ளோவாக (கடைசி மதிப்பை எப்போதும் கையில் வைத்திருக்கும் ஃப்ளோ) வெளியிடுகிறது, திரை கலெக்ட்அஸ்ஸ்டேட்வித்லைஃப்சைக்கிள் மூலம் வாங்கிக்கொள்கிறது.

ஒன்றை உடைத்துச் சொல்லிவிடுகிறேன்: வழி 1இல் இருந்த இரண்டு குழியும் இங்கே அப்படியே இருக்கின்றன. ஸ்டேட்ஃப்ளோவும் புது மதிப்பு பழையதற்குச் சமமா என்று பார்த்துச் சமமாக இருந்தால் விழுங்கிவிடும். அதற்கு மேல் இங்கே நம் கண்ணை மறைப்பதும் ஒன்று இருக்கிறது, ஏனென்றால் காப்பி என்று கண்ணெதிரே எழுதியிருப்பதால் புதிது என்று நம்பிவிடுகிறோம். டேட்டா கிளாஸின் காப்பி மேலோட்டமானது. வெளி உறைதான் புதிது, உள்ளே ம்யூட்டபிள்லிஸ்ட் இருந்தால் பழைய நிலையும் புதிய நிலையும் ஒரே லிஸ்ட்டைப் பிடித்துக்கொண்டிருக்கும். அதில் ஆட் செய்துவிட்டுக் காப்பி கூப்பிட்டால் சமம், சேதி போகாது. "ஸ்டேட்ஃப்ளோவுக்கு மாறினேன், அப்பவும் அதேதான்" என்பவர்களில் பெரும்பாலோர் கதை இது.

சரி, அப்படியென்றால் இதை ஏன் தேர்வு செய்ய வேண்டும்? அப்டேட் என்கிற ஒரே ஃபங்ஷனுக்காகவே செய்யலாம். பழைய மதிப்பை எடுத்து, உங்கள் மாற்றத்தைச் செய்து, நடுவில் வேறு யாரும் எழுதவில்லை என்று உறுதி செய்துவிட்டுத்தான் வைக்கும், எழுதியிருந்தால் மறுபடி முதலிலிருந்து செய்யும். விலைப்பட்டியலைச் சர்வரிலிருந்து எடுக்கும் கொரூட்டீனும் பயனரின் தட்டலும் ஒரே சமயத்தில் வந்தாலும் ஒன்று மற்றொன்றை மிதிக்காது. ஆனால் அப்டேட்டுக்குள் கொடுக்கும் கோட் ஒன்றுக்கு மேற்பட்ட தடவை ஓடக்கூடும், ஆகவே அதற்குள் நெட்வொர்க் அழைப்போ லாக் எண்ணிக்கையோ வைக்காதீர்கள். வேல்யூ ஈக்வல் டு வேல்யூ டாட் காப்பி என்று நேரடியாக எழுதினால் இந்தப் பாதுகாப்பு போய்விடும், வழி 1இன் பழைய மிதிப்புதான் நடக்கும்.

டெஸ்டும் சுலபம், கம்போஸ் தலையீடே இல்லாமல் வியூமாடலை மட்டும் எடுத்துச் சோதிக்கலாம். செயலி பின்னால் போனதும் திரை வாங்குவதை நிறுத்திக்கொள்ளும், பேட்டரிக்கு நல்லது.

மறைமுகச் செலவு: நிலை முழுவதும் ஒரே பெரிய பொருளாக இருப்பதால், ஒரு புலம் மாறினாலும் அதை வாசிக்கிற மேல்மட்டக் கம்போஸபிள் மறுபடி ஓடும். கீழே ஒவ்வொன்றுக்கும் அதற்குத் தேவையான புலத்தை மட்டும் பிரித்துக் கொடுத்தால் மற்றவை தாண்டப்படும். முழு நிலையையும் அடிமட்டம்வரை கடத்திக்கொண்டே போனால் தாண்டல் எதுவும் நடக்காது. இன்னொன்று, வியூமாடல் திரை திரும்பினால் பிழைக்கும், ப்ராசஸ் செத்தால் பிழைக்காது. அதற்கு சேவ்ட்ஸ்டேட்ஹேண்டில் வேண்டும், அதில் சின்னத் தகவலை மட்டும் வையுங்கள், பட்டியல் முழுவதையும் அல்ல.

## வழி 4: ரூம், அதிலிருந்து ஃப்ளோ

மளிகைப் பட்டியல் நாளைக்கும் இருக்க வேண்டியது. அப்படிப்பட்ட டேட்டாவுக்கு நினைவகத்தில் தனிப் பிரதி எதற்கு? தட்டினால் தரவுத்தளத்தில் எழுதுங்கள், ரூம் (ஆண்ட்ராய்டின் தரவுத்தள நூலகம்) கொடுக்கும் ஃப்ளோ புதுப் பட்டியலை அனுப்பும், திரை அதை வாங்கும். ஒவ்வொரு தடவையும் வரிசைகளைப் புதிதாக வாசித்துப் புதுப் பொருட்களாகவே தருவதால், "பழையதை நானே அழித்துவிட்டேன்" என்கிற குழி இங்கே கிடையாது. ப்ராசஸ் செத்தாலும் பட்டியல் இருக்கும்.

வியூமாடலில் ஸ்டேட்இன் (ஃப்ளோவை ஸ்டேட்ஃப்ளோ ஆக்குவது) போட்டு வைல்சப்ஸ்க்ரைப்ட் 5000 மில்லி நொடி என்று கொடுப்பது வழக்கம். போன் திரும்பும் அந்தச் சிறு இடைவெளியில் வினவல் நின்று மறுபடி தொடங்காமல் இருக்கத்தான் அந்த 5 நொடி.

ரூம் கவனிப்பது அட்டவணையை, உங்கள் வரிசையை மட்டும் அல்ல. அதே அட்டவணையில் சம்பந்தமில்லாத ஒரு வரிசை மாறினாலும் வினவல் மறுபடி ஓடும், தேவைப்பட்டால் டிஸ்டிங்க்ட்அன்டில்சேஞ்ச்ட் (அதே மதிப்பு மறுபடி வந்தால் விடாது) சேருங்கள். திரை புதுப்பிக்கவில்லை என்றால் இங்கே முதலில் சந்தேகப்பட வேண்டியது, ரூம் தரவுத்தளப் பொருள் இரண்டு உருவாகியிருக்கிறதா என்று. ஒன்றில் எழுதி மற்றொன்றில் கவனித்தால் சேதி வராது, டேட்டா மட்டும் கோப்பில் பத்திரமாக இருக்கும், செயலியை மூடித் திறந்தால் வந்துவிடும். சிங்கிள்டன் ஆக்குங்கள், செயலி முழுவதற்கும் ஒன்றே ஒன்று. வேறு ப்ராசஸிலிருந்து எழுதுவது நிஜமாகவே தேவை என்றால் அதற்கென்று பல பிரதிகளுக்கும் சேதி சொல்லும் அமைப்பு ரூமிலேயே இருக்கிறது, அதை நீங்கள்தான் இயக்க வேண்டும்.

ஸ்கீமா, மைக்ரேஷன் என்று கூடவே வரும் வேலையைக் குறைத்து மதிப்பிட வேண்டாம். ஒரு தடவை காட்டிவிட்டு மறக்கிற டேட்டாவுக்கு இது தேவையில்லை.

## வழி 5: கவுண்டர், நெவர்ஈக்வல்பாலிசி

"ரெஃப்ரெஷ்++" என்று ஒரு எண்ணை ஏற்றிவிட்டு அதைத் திரையில் எங்காவது வாசிப்பது. அல்லது சமமாக இருந்தாலும் மாறியதாகவே எடுத்துக்கொள் என்று நெவர்ஈக்வல்பாலிசி கொடுப்பது. இதைப் பற்றி நிறையச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் இது கொஞ்ச காலம் வேலை செய்யும், பிறகு ஒரு நாள் நின்றுவிடும்.

ஒரு திட்டத்தில் நான் பார்த்தது. ஆர்டர் காட்டும் திரை, மேலே ஒரு கடிகாரம் நொடி நொடியாக இறங்கிக்கொண்டிருக்கும், கீழே ஆர்டர் வரிசைகள். வரிசைகள் இருந்தது சாதாரண ம்யூட்டபிள்லிஸ்ட்டில், மாற்றுவது இருந்த இடத்திலேயே. ஆனால் ஒரு வருடத்துக்கு மேல் யாரும் குறை சொல்லவில்லை. ஏனென்றால் கடிகாரத்தை வாசித்த தாய்க் கம்போஸபிள் ஒவ்வொரு நொடியும் ஓடியது, அதோடு சேர்ந்து வரிசைகளும் ஓடின. லிஸ்ட் என்ற வகையை நம்ப முடியாதது என்று கம்போஸ் கம்பைலர் கருதும், பின்னால் அரேலிஸ்ட் ஒளிந்திருக்கலாம் அல்லவா, ஆகவே அப்போதெல்லாம் லிஸ்ட்டை வாங்கும் கம்போஸபிளைத் தாண்டாமல் ஒவ்வொரு தடவையும் ஓட்டிவிடும். மாற்றம் அதிகபட்சம் ஒரு நொடி தாமதமாக வந்தது, யார் கண்ணிலும் படவில்லை.

2024 ஆகஸ்ட்டில் கோட்லின் 2.0.20 வந்தது, அதில் ஸ்ட்ராங் ஸ்கிப்பிங் தானாகவே இயங்கத் தொடங்கியது. இனி நம்ப முடியாத வகையாக இருந்தாலும், போன தடவை வந்த அதே பொருள்தான் இந்தத் தடவையும் வந்திருக்கிறதா என்று பார்த்து, அதேதான் என்றால் தாண்டிவிடும். நாங்கள் பதிப்பை ஏற்றினோம். திரையின் கோடில் ஒரு எழுத்துக்கூட மாறவில்லை. கடிகாரம் ஓடியது, வரிசைகள் நின்றுவிட்டன. கோட்லினில் பிழை என்று இரண்டு நாள் தேடினோம். பிழை ஒரு வருடமாக எங்கள் கோடில் இருந்தது, கடிகாரம் அதை மூடிவைத்திருந்தது.

கவுண்டரும் அந்தக் கடிகாரத்தைப் போலத்தான். எண்ணை வாசித்த இடம் ஓடும், ஆனால் அதற்குள் இருக்கும் பிள்ளைக்கு அதே லிஸ்ட் போனால் பிள்ளை தாண்டப்படும். நெவர்ஈக்வல்பாலிசியிலும் அதே நிலைதான். இதைக் கண்டுபிடித்தவுடன் சிலர் முழுத் திரையையும் கீ என்பதற்குள் போட்டு அதில் கவுண்டரைக் கொடுக்கிறார்கள். அப்போது கட்டாயம் புதுப்பிக்கும். எப்படி என்றால், இருந்ததை எல்லாம் தூக்கி எறிந்துவிட்டு முதலிலிருந்து கட்டும். பயனர் 30ஆவது வரிசையில் டிக் செய்தால் பட்டியல் மேலே குதிக்கும், தட்டச்சில் இருந்தால் விசைப்பலகை மூடிக்கொள்ளும், ஓடிக்கொண்டிருந்த அனிமேஷன் அறுந்துபோகும்.

நியாயமான இடம் ஒன்று உண்டு. உங்களால் காப்பி எடுக்க முடியாத, வேறு யாரோ எழுதிய ஜாவா நூலகத்தின் மாறும் பொருளைக் காட்ட வேண்டியிருந்தால் நெவர்ஈக்வல்பாலிசி சரி. அப்போதும் அந்தப் பொருளைப் பிள்ளைகளுக்குக் கடத்தாமல், தேவையான எண்ணையும் எழுத்தையும் அங்கேயே எடுத்துக் கொடுங்கள். நோயைக் கண்டுபிடிக்கக் கவுண்டர் போட்டுப் பார்ப்பதும் தவறில்லை, கமிட் செய்வதற்கு முன் எடுத்துவிடுங்கள்.

## ஒரே பார்வையில்

| வழி | தவறினால் தெரியுமா | பின்னணி த்ரெட் | எதுவரை பிழைக்கும் | பொருந்தும் இடம் |
|---|---|---|---|---|
| ம்யூட்டபிள்ஸ்டேட்ஆஃப் | 'வால்' போட்டால் கம்பைலர் நிறுத்தும் | கவனம் தேவை | வைத்த இடத்தைப் பொறுத்தது | படிவம், டெக்ஸ்ட்ஃபீல்டு |
| ம்யூட்டபிள்ஸ்டேட்லிஸ்ட்ஆஃப் | சேர்ப்பது வரும், புலம் மாறுவது வராது | ஒவ்வொரு செயலாகச் சரி, தொடர்ச்சியாகக் கவனம் | வைத்த இடத்தைப் பொறுத்தது | இழுத்து அடுக்குவது, வரைவது |
| ஸ்டேட்ஃப்ளோ | 'வால்' போட்டால் கம்பைலர் நிறுத்தும் | அப்டேட் இருந்தால் நிம்மதி | திரை திரும்பினாலும் | பெரும்பாலான திரைகள் |
| ரூம் ஃப்ளோ | இரண்டு பிரதி இருந்தால் மட்டும் ஏமாற்றும் | நிம்மதி | ப்ராசஸ் செத்தாலும் | நாளைக்கும் தேவைப்படும் டேட்டா |
| கவுண்டர் | தெரியாது | உதவாது | இல்லை | சோதனை மட்டும் |

மளிகைச் செயலிக்கு என் தேர்வு: பட்டியல் ரூமில், திரை நிலை ஸ்டேட்ஃப்ளோவில், "பொருள் பெயர்" பெட்டி ம்யூட்டபிள்ஸ்டேட்ஆஃபில். மூன்றையும் கலப்பது குழப்பம் என்று சிலர் சொல்வார்கள். ஒவ்வொரு டேட்டாவுக்கும் வீடு ஒன்றுதான் என்றால் குழப்பம் இல்லை. ஒரே பட்டியலை ரூமிலும் வைத்து, ஸ்டேட்லிஸ்ட்டிலும் ஒரு பிரதி வைத்து, இரண்டையும் ஒத்துப்போகச் செய்ய ஓடும்போதுதான் குழப்பம் தொடங்குகிறது.

## எந்த வழிக்கு மாறினாலும் தீராதவை

ரிமெம்பருக்குள் வடிகட்டிய பட்டியலை வைத்து, கீ கொடுக்க மறந்திருந்தால், மேலே எதை மாற்றினாலும் முதல் தடவை வடிகட்டியதே நிற்கும். டிரைவ்ட்ஸ்டேட்ஆஃப் (மற்ற ஸ்டேட்டுகளிலிருந்து கணக்கிடும் ஸ்டேட்) தன்னுள் வாசித்த ஸ்டேட்டுகளை மட்டுமே கவனிக்கும், சாதாரண பாராமீட்டராக வந்த தேடல் சொல்லைக் கவனிக்காது, அதை வெளியே ரிமெம்பரின் கீயாகக் கொடுக்க வேண்டும். "வாங்காதவை மட்டும் காட்டு" பட்டன் வேலை செய்யவில்லை என்றால் இந்த இரண்டில் ஒன்றைப் பாருங்கள்.

லேசிகாலமில் (ஸ்க்ரோல் ஆகும் பட்டியல்) ஒவ்வொரு பொருளுக்கும் ஐடியை கீயாகக் கொடுக்கவில்லை என்றால் வரிசைக்குள் ரிமெம்பர் செய்தது இடத்தோடு ஒட்டிக்கொள்ளும். மேலே உளுத்தம்பருப்பைச் சேர்த்தால் துவரம்பருப்பின் விரிந்திருந்த குறிப்பு இப்போது உளுத்தம்பருப்பின் கீழே விரிந்திருக்கும். திரை புதுப்பிக்காதது மாதிரியே தெரியும், உண்மையில் தப்பான இடத்தில் புதுப்பித்திருக்கிறது. ஒரே ஐடி இரண்டு தடவை வந்தால் செயலி அங்கேயே வெடிக்கும், அது நல்லதுதான், உடனே தெரிந்துவிடுகிறது.

ஒரு கிளாஸில் 'வார்' புலம் இருந்தும் வேகத்துக்காக அதன் மேல் இம்யூட்டபிள் என்று முத்திரை குத்தியிருந்தால் எடுத்துவிடுங்கள். கம்பைலர் உங்கள் வாக்கை நம்பித் தாண்டும்.

கம்போஸ் 1.0 வந்தது 2021 ஜூலையில், ஆனால் இந்தத் தொல்லை அதற்கு மட்டும் சொந்தமில்லை. ஃப்ளட்டரில் வேல்யூநோட்டிஃபையருக்குள் லிஸ்ட் வைத்து அதில் ஆட் செய்தாலும் சேதி போகாது, ரியாக்ட் நேட்டிவில் அதே அரேயைத் திரும்ப யூஸ்ஸ்டேட்டின் செட்டருக்குக் கொடுத்தாலும் அப்படித்தான். ஆகவே இரண்டு தளத்திலும் எழுதும் குழுவாக இருந்தால், மாறாத டேட்டா கிளாஸ் என்கிற பழக்கம் இரண்டு பக்கமும் உதவும்.

## பழைய கோடை வைத்திருப்பவர்களுக்கு

முழுவதையும் ஒரே மூச்சில் ஸ்டேட்ஃப்ளோவுக்கு மாற்றக் கிளம்பாதீர்கள். தொல்லை தரும் அந்த ஒரு டேட்டா கிளாஸைத் திறந்து, 'வார்' எல்லாவற்றையும் 'வால்' ஆக்கி, ம்யூட்டபிள்லிஸ்ட்டை லிஸ்ட் ஆக்கிவிட்டு பில்ட் கொடுங்கள். இருந்த இடத்திலேயே மாற்றிக்கொண்டிருந்த வரிகளில் உங்கள் கோடில் இருப்பவை எல்லாம் சிவப்பாக வந்து நிற்கும். அந்த ஆர்டர் திரையில் எங்களுக்கு 11 வந்தது. 9 இடம் காப்பி போட்டதும் முடிந்தது, ஒன்று யாரும் கூப்பிடாத பழைய ஃபங்ஷன். மிச்சமிருந்த ஒன்று, சர்வர் பதிலைப் பிரிக்கும் கிளாஸுக்குள் ஆர்டரின் நிலையைச் சத்தமில்லாமல் திருத்திக்கொண்டிருந்தது. அதைத்தான் இரண்டு நாளாகத் தேடிக்கொண்டிருந்தோம்.